நூலகத்தில் வாண்டுகளுக்குக் கதை நேரம்: வாசகர் கேள்வி – பதில்

ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நூலகத்தில் கதை நேரம் நடத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் குழந்தைகள் நூலகப் பணியில் ஊறியவர்கள் இங்கே பதில் தருகிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மாதம் இரண்டு சனிக்கிழமை சிறு குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்த எங்கள் வாசகர் வட்டம் முடிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கரு வேண்டும் என்கிறார்கள். ஜூன் முதல் மார்ச் வரைக்கும் 20 கருக்கள் எழுதிவிட்டேன்: நட்பு, நேர்மை, விலங்குகள், பறவைகள், மழை, சுற்றுச்சூழல், நம் தலைவர்கள் என்று போகிறது. சரியாக இருக்கிறதா?
– கிளை நூலகர், திருவாரூர் மாவட்டம்

பாதியை அடித்துவிடலாம். நட்பு, நேர்மை, சுற்றுச்சூழல் எல்லாம் நமக்குப் புரிகிற சொற்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அவற்றைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. 'விலங்குகள்' என்பதில் வேறொரு சிக்கல். யானை, எறும்பு, திமிங்கலம் என்று எல்லாம் உள்ளே வந்துவிடுவதால் எதுவுமே இரண்டாம் தடவை வராது. இந்த வயதில் திரும்பத் திரும்ப வருவதுதான் மனதில் ஒட்டும்.

ஒரு கரு தேறுமா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். அதற்கு ஒரு சத்தம் உண்டா? ஓர் அசைவு உண்டா? அதைச் சேர்ந்த ஒரு பொருளை அறைக்குள் கொண்டுவர முடியுமா? மழைக்கு மூன்றும் இருக்கிறது. பேருந்துக்கும் இருக்கிறது. தூக்கத்துக்குக் குறட்டை, ஆடுவது, தூளி. விலங்குகளுக்குப் பதிலாக 'வால்' என்று வையுங்கள். பறவைகளுக்குப் பதிலாகக் 'காக்கா' அல்லது 'கூடு'. சுற்றுச்சூழலுக்குப் பதிலாகக் 'குப்பை வண்டி'. வாண்டுகளுக்குக் குப்பை வண்டியைவிடப் பிடித்த வாகனம் குறைவு. தலைவர்களைத் தொடக்கப் பள்ளிக்கு விட்டுவிடுங்கள்.

வரிசையையும் மாற்ற வேண்டும். கருவை முடிவு செய்துவிட்டுப் புத்தகம் தேடினால், பெயருக்குப் பொருந்துகிற சப்பையான இரண்டு புத்தகங்கள்தான் சிக்கும். முதலில் அலமாரியிலிருந்து, நீங்களே நான்கு தடவை அலுக்காமல் வாசிக்கக்கூடிய 15 படப் புத்தகங்களை எடுங்கள். அவற்றைத் தரையில் பரப்பிப் பார்த்தால் எது எதோடு சேரும் என்று தெரியும். கரு அதிலிருந்து வரட்டும். அருமையான புத்தகம் ஒன்று எதிலும் சேராவிட்டாலும் வாசியுங்கள். குடை வாரத்தில் பூனைக் கதை ஏன் வந்தது என்று எந்தக் குழந்தையும் கேட்காது. கரு என்பது நமக்குத் திட்டம் போட வசதியான ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

இருபதும் அதிகம். பத்துக் கருக்களை எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு சனிக்கிழமை நடத்துங்கள். முதல் தடவை குழந்தை பார்க்கும். இரண்டாம் தடவைதான் வாயைத் திறக்கும், கையைத் தட்டும். பாட்டும் விளையாட்டும் அப்படியே இருக்க, ஒரு புத்தகத்தையும் கைவேலையையும் மட்டும் மாற்றினால் போதும். உங்கள் வேலையும் பாதியாகும்.

மழையை ஜூனில் போட்டிருந்தால் தள்ளி வையுங்கள். உங்கள் மாவட்டத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். வெளிநாட்டுப் பட்டியல்களைப் பார்த்து ஜனவரிக்குப் பனிமனிதன் வைக்கிற வழக்கம் இங்கே சில இடங்களில் இருக்கிறது. உங்களுக்கு ஜனவரியில் சம்பா அறுவடையும் வைக்கோலும் இருக்கின்றன.

ஒன்றரை வயதும் வருகிறது, ஐந்து வயதும் வருகிறது. எத்தனை பேரை, எவ்வளவு நேரம் உட்கார வைப்பது?
– தன்னார்வலர், கோயம்புத்தூர்

பிரித்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் 20 நிமிடம், 10 முதல் 12 குழந்தைகள். ஆளுக்கு ஒரு பெரியவர், அவர் மடியில் குழந்தை. மூன்றிலிருந்து ஐந்து வரை என்றால் 30 நிமிடம், 15 முதல் 20 குழந்தைகள். இரண்டுக்கும் நடுவே கால் மணி நேர இடைவெளி விடுங்கள், செருப்பு தேடவே அது சரியாக இருக்கும்.

பிரிக்க வழியே இல்லையென்றால் முதல் 15 நிமிடத்தை முழுக்கச் சின்னவர்களுக்காக வையுங்கள். பிறகு அவர்களை ஓரத்தில் துணிப் புத்தகங்களோடும் கட்டைகளோடும் விளையாட விட்டுவிட்டுப் பெரிய குழந்தைகளுக்கு நீளமான கதையைத் தொடங்கலாம். இரு வயதுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நடுவாந்தரமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சின்னவர் அழுவார், பெரியவர் கொட்டாவி விடுவார்.

நேரம் காலை 10.30 சரி. 12 மணியைத் தொட்டால் பசி வந்துவிடும். மாலையென்றால் மதியத் தூக்கம் கலைந்த பிறகு, 4.30-க்கு மேல்.

ஒரு கருவுக்கு முழுத் திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.
– வாசகி, தாம்பரம். நூலக அறிவியல் மாணவர், மதுரை

மழையையே எடுத்துக்கொள்வோம். மூன்று முதல் ஐந்து வயதுக்கு 30 நிமிடம்.

முதல் மூன்று நிமிடம் வரவேற்புப் பாட்டு. கரு எதுவானாலும் வருடம் முழுக்க ஒரே பாட்டாக இருக்கட்டும். 'கைவீசம்மா கைவீசு' மெட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சேர்த்துப் பாடினால் போதும். அந்த மெட்டு கேட்டதுமே 'தொடங்கிவிட்டது' என்று குழந்தைக்குப் புரிய வேண்டும்.

அடுத்த ஐந்து நிமிடம் நீளமான புத்தகம். அதைக் கடைசிக்கு வைப்பது பலர் செய்கிற தவறு. கவனம் புதிதாக இருக்கும்போதே நீளமானதை முடித்துவிட வேண்டும். புத்தகம் குறைந்தது ஏ4 அளவு இருக்கட்டும். முகத்துக்கு முன்னால் பிடிக்காமல் தோளுக்குப் பக்கவாட்டில், கீழ் நடுவில் கட்டைவிரலைக் கொடுத்துப் பிடியுங்கள். பக்கத்தைத் திருப்பும் கை படத்தை மறைக்கக் கூடாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எதிர்வெளிச்சத்தில் உங்கள் முகமும் தெரியாது, படமும் தெரியாது. கதவு குழந்தைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் தாமதமாக வருகிற ஒவ்வொருவரையும் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

பிறகு இரண்டு நிமிடம் அசைவுப் பாட்டு. எழுந்து நின்று, மூன்று தடவை. பேச்சுவழக்கில் நீங்களே கட்டிக்கொள்ளலாம், இப்படி:

டப்டப் டப்டப் மழ வருது
ஓட்டு மேல மழ வருது
குடைய விரி – படக்!
குடைய மடக்கு – சடக்!
குட்டிப் பாப்பா காலு ரெண்டும்
குட்டையில – தொப்!

முதல் தடவை மெதுவாக, இரண்டாம் தடவை சாதாரணமாக, மூன்றாம் தடவை வேகமாக. 'தொப்' என்னும்போது எல்லாரும் குதிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அடுத்த வாரம் வருவார்கள்.

அதற்குப் பின் நான்கு நிமிடம் துணிப் பலகை (படங்களை ஒட்டி எடுக்கும், துணி போர்த்திய பலகை) விளையாட்டு. ஐந்து நிறத்தில் ஐந்து குடைகள், ஒன்றின் பின்னால் தவளை. 'தவளக்குட்டி, எங்க இருக்க? செவப்புக் குடைக்குப் பின்னாலயா?' என்று எல்லாரும் சேர்ந்து கேட்க, ஒரு குடையை எடுப்பீர்கள். ஒரு சின்னத் தந்திரம் வேண்டும். தவளையை முன்கூட்டியே ஒட்டிவைத்தால் முதல் குடையிலேயே அகப்பட்டு விளையாட்டு முடிந்துவிடும். தவளையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான்காவது குடையை எடுக்கும்போது கூடவே ஒட்டிவிடுங்கள்.

அடுத்த மூன்று நிமிடம் புடவை மழை. பழைய பருத்திப் புடவை ஒன்றை நான்கு பெரியவர்கள் நான்கு முனையில் பிடித்துத் தூக்கி இறக்க, கீழே குழந்தைகள். மேலே போனால் மேகம், கீழே வந்தால் மழை. தொடங்குமுன் மின்விசிறியை அணைத்துவிட்டு இறக்கைகள் முழுக்க நின்ற பிறகுதான் புடவையைத் தூக்க வேண்டும். இதை ஒருவரிடம் பொறுப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

ஓடி ஆடிய பிறகு உட்காரவைக்க விரல் மழை உதவும். ஒரு உள்ளங்கையில் மறு கையின் ஒரு விரலால் தட்டுவது தூறல். பிறகு இரண்டு விரல், மூன்று, நான்கு என்று ஐந்துக்கு வந்தால் அறை முழுக்கக் கொட்டுகிற மழைச் சத்தம். அப்படியே ஒவ்வொரு விரலாகக் குறைத்து ஒரு விரலில் நிறுத்துங்கள். அடுத்த நொடி கிடைக்கிற அமைதியில் இரண்டாம் புத்தகத்தைத் திறந்துவிட வேண்டும். அறிவிப்பு எதுவும் செய்யக் கூடாது, செய்தால் அமைதி போய்விடும். இந்தப் புத்தகம் பக்கத்துக்கு ஒரு வரி உள்ளதாக, மூன்று நான்கு நிமிடத்தில் முடிவதாக இருக்கட்டும்.

மிச்ச நேரம் கைவேலை. அதற்குள் நேரம் முடிந்துவிட்டால் கைவேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். விடைபெறும் பாட்டை மட்டும் விடாதீர்கள்.

சின்னவர்களுக்கு இதையே சுருக்கலாம். நீளமான புத்தகம் வேண்டாம், ஒரு வரிப் புத்தகம் மட்டும், முடித்தவுடன் மறுபடி ஒரு தடவை. ஐந்து குடைக்குப் பதில் மூன்று. 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு', 'நண்டூருது நரியூருது' இரண்டையும் மடியில் வைத்தே செய்யலாம். பிள்ளைத்தமிழில் சப்பாணியும் அம்புலியும் தனித்தனிப் பருவமாக இருப்பதைப் பார்த்தால், கைதட்டலும் நிலாவைக் கூப்பிடுவதும் எந்த வயதுக்கு என்று நம் ஆட்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

பிளானல் துணிப் பலகை செய்தேன். ஒட்டுகிற படங்கள் கதை பாதியில் இருக்கும்போதே விழுந்துவிடுகின்றன. என்ன தவறு?
– பால்வாடி ஆசிரியை, விருதுநகர்

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. மேலே விசிறி ஓடுகிறது, பலகை செங்குத்தாக நிற்கிறது, அல்லது துணி தப்பு.

துணி பஞ்சு எழும்பிய பருத்திப் பிளானலாக இருக்க வேண்டும். வழவழப்பான பாலியஸ்டரில் எதுவும் நிற்காது. 60 × 90 செ.மீ. அளவுள்ள ஒட்டுப்பலகையில், துணியை நான்கு பக்கமும் 5 செ.மீ. பின்னால் மடித்து இழுத்துக் கட்டி ஆணி அடியுங்கள். தொய்வு இருந்தால் படம் சரியும். நிறம் கறுப்பு அல்லது கருநீலம். வெள்ளைத் துணி சீக்கிரம் அழுக்காகும், படமும் எடுப்பாகத் தெரியாது. பலகையை நாற்காலியில் சாய்த்து, மேல்முனை பின்னால் போகும்படி வையுங்கள். செங்குத்திலிருந்து 15, 20 டிகிரி சாய்வு போதும்.

படங்கள் 12 முதல் 15 செ.மீ. உயரம் இருக்கட்டும், அதைவிடச் சிறியது பின்வரிசைக்குத் தெரியாது. சார்ட் அட்டையில் வரைந்து வெட்டி, பின்பக்கம் உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே தெரியும்படி ஒட்டுங்கள். நடுவில் ஒரு துண்டு மட்டும் ஒட்டினால் ஓரம் சுருண்டு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று 3 × 3 செ.மீ. துண்டு இரண்டு தேவை. பளபளவென்று லேமினேட் செய்தால் கனம் கூடி விழும், விளக்கொளியும் தெறிக்கும்.

மழைக்காலத்தில் அட்டை சுருளும். இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே வைத்துப் பாதுகாக்கலாம், நூலகத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஒட்ட வேண்டிய வரிசையில் படங்களை மடியில் கவிழ்த்து அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கதையை நிறுத்திவிட்டுப் பைக்குள் தேடினால் மூன்று நொடியில் கூட்டம் கலைந்துவிடும்.

தமிழில் நல்ல படப் புத்தகம் கிடைத்தாலும் நடை பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பதா, பேச்சுத் தமிழில் சொல்வதா? பக்கத்துக்கு எட்டு வரி இருந்தால் என்ன செய்வது?
– அடுக்ககக் குடியிருப்பு நூலகம் நடத்துபவர், திருச்சி

மூன்று வயதுக்குக் கீழே என்றால் பேச்சுத் தமிழ்தான், தயக்கம் வேண்டாம். நான்கு, ஐந்து வயதுக்குக் கலந்து செய்யலாம். கதை சொல்கிறவரின் வரிகளை அச்சிலுள்ளபடி வாசியுங்கள். 'யானை ஆற்றில் இறங்கியது' என்பது அவர்களுக்குப் புரியாமல் போகாது. பள்ளிக்குப் போகுமுன் அந்த நடை காதுக்குப் பழகுவது நல்லது. ஆனால் யானை வாயைத் திறந்தால் பேச்சு வழக்கில்தான் பேச வேண்டும். 'நான் வர மாட்டேன்' என்று எந்த யானையும் அடம்பிடிக்காது, 'நா வரமாட்டேன் போ' என்றுதான் சொல்லும். திரும்பத் திரும்ப வருகிற வரி ஒன்று இருந்தால் அதை மட்டும் எப்போதும் ஒரே மாதிரி சொல்லுங்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு மாதிரி, ஐந்தாம் பக்கத்தில் வேறு மாதிரி சொன்னால் குழந்தைகளால் சேர்ந்து சொல்ல முடியாது.

எட்டு வரியைக் குறைக்க ஒரு வழி உண்டு. படம் காட்டுவதைச் சொல்லும் வரிகளை முதலில் வெட்டுங்கள். 'அடர்ந்த பச்சை மரங்கள் சூழ்ந்த குளக்கரையில்' என்பதைப் படமே சொல்கிறது. பேச்சையும் செயலையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் செருகுங்கள், நூலகப் புத்தகத்தில் பென்சில் கூட வேண்டாம். அப்படியும் ஏழு நிமிடத்துக்கு மேல் போனால் அந்தக் கதை புத்தகத்துக்கு ஆகாது, வாயால் சொல்ல ஆகும். மூடி வைத்துவிட்டு ஒரு குடையையும் ஒரு பொம்மையையும் வைத்துச் சொல்லுங்கள்.

பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி 'இது என்ன? இது என்ன நிறம்?' என்று கேட்டால் அது பரீட்சை. ஒரு கதையில் மூன்று இடத்தில் நிறுத்தலாம், அதுவும் 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேட்க. முடிந்ததும் 'இந்தக் கதையின் நீதி என்ன?' என்று கேட்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

புத்தகங்களுக்கு நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா, தாரா, பிரதம் புக்ஸ் ஆகியவற்றின் தமிழ் வெளியீடுகளைப் பாருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலுள்ள கதைகளை இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம், எழுதியவர், வரைந்தவர் பெயர்ப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடக் கூடாது. முதல் நிலைக் கதைகளை ஏ3 தாளில் அச்சிட்டு இடது ஓரத்தில் சுருள்கம்பி போட்டால் 20 பேருக்குக் காட்டும் பெரிய புத்தகம் தயார். ஒரு தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். மெல்லிய தாளில் பின்பக்க மை தெரியும்.

குழந்தைகள் எழுந்து ஓடுகிறார்கள். அம்மாக்கள் பின்னால் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள், இல்லையென்றால் சத்தமாகப் பேசுகிறார்கள். எப்படிச் சொல்வது?
– தன்னார்வலர், சேலம்

நாற்காலிகளை எடுத்துவிடுங்கள். பின்வரிசையில் நாற்காலி இருந்தால் அங்கே ஒரு அரட்டை மன்றம் கூடத்தான் செய்யும். ஜமக்காளத்தை விரித்துப் பெரியவர்களையும் குழந்தையோடு தரையில் உட்கார வையுங்கள். மூட்டுவலிக்காரப் பாட்டிகளுக்கு மட்டும் சுவரோரம் இரண்டு நாற்காலி. பிறகு ஆளுக்கொரு வேலை கொடுங்கள்: ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் புடவை முனை பிடிக்க, ஒருவர் விசிறி சுவிட்சுக்கு. கையில் வேலை இருந்தால் போன் பைக்குள் போகும். அதட்டினால் அடுத்த வாரம் வர மாட்டார்கள், இழப்பு குழந்தைக்கு.

ஓடுகிற குழந்தை ஒன்றிரண்டு என்றால் விடுங்கள். அறையைச் சுற்றிக்கொண்டே கதை கேட்பது இரண்டு வயதில் சகஜம். பாதிப் பேர் எழுந்துவிட்டால் கதை நீண்டுவிட்டது என்று அர்த்தம். ஆறு பக்கம் பாக்கி இருந்தாலும் 'அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க' என்று மூடிவிட்டு எழுந்து நின்று பாடுங்கள். தொடங்கிய புத்தகத்தை முடித்தே தீருவேன் என்கிற பிடிவாதத்தில்தான் பெரும்பாலான கதை நேரங்கள் கெடுகின்றன.

கைப்பொம்மையைப் பார்த்து அழுகிறவர்கள் இருப்பார்கள். பொம்மை குழந்தையை நோக்கிப் போகக் கூடாது. பையிலிருந்து மெதுவாக எட்டிப் பார்த்து, முதலில் உங்கள் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். தொட விரும்புகிற குழந்தை தானே வரும். மூன்று வயதுக்குக் கீழே முகமூடியே வேண்டாம். சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற குழந்தை இருந்தால் கிலுகிலுப்பை எடுக்குமுன் அதன் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். கதவோரம் ஓர் இடம் அவர்களுக்காக இருக்கட்டும்.

கதை நேரச் சத்தத்தால் படிக்க முடியவில்லை என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
– கிளை நூலகர், தருமபுரி மாவட்டம்

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போலக் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே கூடமுள்ள கிளை நூலகத்தில் நாளையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்துக்கொள்வதுதான் பாதித் தீர்வு. 'ஒன்றாம், மூன்றாம் சனி, 10.30 முதல் 11.15' என்று பலகையில் நிரந்தரமாக எழுதுங்கள். எப்போது சத்தம் வரும், எப்போது முடியும் என்று தெரிந்தால் அந்த நேரத்துக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள். தாழ்வாரமோ மரநிழலோ இருந்தால் அங்கே மாற்றுங்கள். ஒலிபெருக்கி கூடாது, 20 குழந்தைகளுக்கு அது தேவையும் இல்லை.

மேலதிகாரி கேட்டால் 1931-லேயே நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலக விதிகளில் இரண்டாவதைச் சொல்லுங்கள்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். இரண்டு வயது வாசகர் தன் நூலைச் சத்தம் போட்டுத்தான் படிப்பார்.

பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் கதை நேரம் வைக்கலாமா? எல்லா மதக் குழந்தைகளும் வருகிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

வைக்கலாம். சடங்கை விட்டுவிட்டுப் பொருளை எடுங்கள். பொங்கலுக்குக் கரும்பு. தோகையோடு முழுக் கரும்பு ஒன்றை அறைக்குள் கொண்டுவந்து, யார் உயரம் என்று ஒவ்வொருவரையும் பக்கத்தில் நிறுத்தினாலே ஐந்து நிமிடம் போகும். தீபாவளிக்கு வெளிச்சம், ரம்ஜானுக்குப் பிறை, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம். ஒவ்வொன்றும் எல்லா வீட்டுக்கும் பொதுவானது. பண்டிகை வாரத்திலேயே வைக்காதீர்கள், பாதிப் பேர் சொந்த ஊரில் இருப்பார்கள். அடுத்த வாரம் வைத்தால் பார்த்ததையெல்லாம் சொல்வதற்கு விஷயமும் இருக்கும்.

கைவேலைக்கும் கிலுகிலுப்பைக்கும் என்னென்ன, எவ்வளவு வாங்க வேண்டும்? எதெல்லாம் ஆபத்து?
– தன்னார்வலர், ஈரோடு

மழை வாரத்துக்குக் கணக்கு இது. 56 × 71 செ.மீ. சார்ட் அட்டையை இரண்டு பக்கமும் நான்காகப் பிரித்தால் சுமார் 14 × 18 செ.மீ. துண்டுகள் 16 வரும். 20 குழந்தைகளுக்கு இரண்டு சார்ட், மிச்சம் கெட்டுப்போவதற்கும் கூட வரும் அண்ணன் அக்காவுக்கும். மேக வடிவத்தில் நீங்களே வெட்டிவிடுங்கள். மழைத்தாரைக்கு நீலக் கம்பளி நூல் 10 செ.மீ. துண்டு, ஆளுக்கு நான்கு. 24 பேருக்கு 10 மீட்டர் போதும். நூலை நீளமாக விடாதீர்கள், கழுத்தில் சுற்றும்.

மூன்று வயதுக்குக் கீழே பசை வேண்டாம். மேகத்தின் அடியில் இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி, மேல்தாளின் ஒரு முனையை மட்டும் பிரித்து வையுங்கள். முழுக்க ஒட்டியிருந்தால் அவர்களால் உரிக்க முடியாது. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மைதா பசை நல்லது. ஒரு பங்கு மாவுக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோல ஆகும்வரை சிறு தீயில் கிளறுங்கள். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பது புத்தகம் கட்டுகிறவர்களின் வழக்கம், குழந்தைகளின் பசையில் அது கூடவே கூடாது, விஷம். அது இல்லாமல் பசை மறுநாளே புளிக்கும் என்பதால் அன்று காலை கிண்டினால் போதும். பாட்டில் மூடி ஒன்றில் ஒரு விரல் அளவு மட்டும் ஊற்றிக் கொடுங்கள். கிண்ணத்தோடு கொடுத்தால் அட்டை ஊறிப் பிய்ந்துவிடும். வண்ணத்துக்குத் தடித்த மெழுகுக் குச்சி. மெல்லியது இந்தக் கைகளில் உடையும்.

கிலுகிலுப்பைக்கு 200 மி.லி. தண்ணீர் பாட்டிலில் கால் பாகம் அரிசி. நிறைத்தால் சத்தம் வராது. வெறும் சட்டியில் அரிசியை வறுத்து, நன்றாக ஆறவைத்துப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் வண்டு வரும். மூடியின் உள்மரையில் எம்-சீல் வைத்துத் திருகி, காய்ந்த பின் மேலே அகல டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கொடுக்குமுன் மூடியைத் திருகிப் பாருங்கள். குன்றிமணி, ஆமணக்கு விதை இரண்டும் விஷம், அழகாக இருக்கிறதென்று உள்ளே போட வேண்டாம்.

மூன்று வயதுக்குக் கீழே, 3.2 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்க்குள் முழுதாக நுழையும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கலாம். பொத்தான், மணி, கோலிகுண்டு எல்லாம் அதில் அடக்கம். பலூன் வெடித்த துண்டு அதைவிட மோசம். பாடுகிற பொம்மைகளில் பொத்தான் பேட்டரி இருந்தால் அதன் மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறைக்குள் தின்பண்டம் வேண்டாம். வேர்க்கடலையோ முழுத் திராட்சையோ வாயில் வைத்துக்கொண்டு குதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பொது நூலகத்தில் தமிழ்க் கதை நேரத்துக்கு உதவுகிறேன். குழந்தைகளுக்குக் கதை புரிகிறது, ஆனால் பதில் ஆங்கிலத்தில் வருகிறது. 'தமிழில் சொல்' என்றால் வாயை மூடிக்கொள்கிறார்கள்.
– தன்னார்வலர், சிங்கப்பூர்

அப்படிச் சொல்லாதீர்கள். குழந்தை 'அம்பிரெல்லா' என்றால், 'ஆமா, குடை! மஞ்சள் குடை!' என்று மகிழ்ச்சியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கதைக்குள் போய்விடுங்கள். ஒரு கருவுக்கு ஐந்து சொல் மட்டும் குறிவையுங்கள். மழைக்கு மழை, குடை, மேகம், ஈரம், குதி. பாட்டு, விளையாட்டு, கதை எல்லாவற்றிலும் சேர்த்து ஒவ்வொரு சொல்லும் எட்டுப் பத்துத் தடவை காதில் விழ வேண்டும், அந்தப் பொருளும் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

கருவை அங்கிருந்தே எடுங்கள். மாட்டுவண்டியையும் கிணற்றையும் அவர்கள் பார்த்ததில்லை. மின்தூக்கியில் தினமும் ஏறுகிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, பெருவிரைவு ரயில், மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை எல்லாம் நல்ல கரு. மின்தூக்கிக்குக் கதவு திறக்கும் அசைவு உண்டு, மணிச் சத்தம் உண்டு, மாடி எண்களைத் தமிழில் எண்ணவும் வாய்ப்பு உண்டு. பாட்டு வரிகளைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒரே தாளில் அச்சிட்டுப் பெற்றோருக்குக் கொடுங்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தடுமாறும் அப்பாவும் வீட்டில் பாடுவார்.

20 பேருக்குத் திட்டமிட்டிருந்தோம், 45 பேர் வந்துவிட்டார்கள். திருப்பி அனுப்பவும் மனமில்லை.
– வாசகர் வட்டப் பொறுப்பாளர், கடலூர்

உதவிக்கு இன்னொருவர் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு குழு கதைக்கு, ஒரு குழு கைவேலைக்கு, 20 நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் ஒருவர்தான் என்றால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் படம் தெரியாது, தெரியாதவர்கள் முன்னால் நகர்வார்கள், முன்னால் இருப்பவர்கள் நசுங்குவார்கள். பாட்டு, விரல் மழை, புடவை, வாயால் சொல்லும் ஒரு கதை என்று நடத்துங்கள். புடவையை 15 பேருக்கு ஒரு சுற்றாக மூன்று சுற்று. 'கூட்ட நாள்' என்று எழுதிய ஓர் உறையில் இந்தத் திட்டமும் பாட்டு வரிகளும் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். அன்றைய புத்தகங்களை ஜமக்காளத்தில் பரப்பிவைத்து, வீட்டுக்கு இரவல் எடுத்துப்போகச் சொல்லுங்கள். உறுப்பினர் படிவங்களும் பேனாவும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்கிறவர்கள் அநேகமாக வருவதில்லை.